கற்றதைச் சொல்லும் கல்வி

அரியாலையில் எங்கள் ஒழுங்கையில் வாழும் இளைஞனொருவன், கணினி விஞ்ஞானம் பயிலும் பல்கலைக்கழக மாணவன். சென்ற விடுமுறையில், எங்கள் சனசமூக நிலைய நூலகத்தின் இரவற் பதிவேட்டுக்கென மென்பொருள் ஒன்று ஆக்கித் தந்தான். ஊரார் மெச்சினர். ஆயினும், பத்தே நாளில் நூலகப் பொறுப்பாளர் பழைய கொப்பியை மீண்டும் விரித்துவிட்டார். காரணம் கேட்டேன். “தம்பி நல்லாத்தான் செய்திருக்கிறான். ஆனா அவன் சொல்லுறது ஒண்டும் எனக்கு விளங்கேல்லை” என்றார். மாணவனைக் கேட்டேன். “மாஸ்ரர், எனக்கு எல்லாம் விளங்கும், சொல்லத்தான் தெரியேல்லை” என்றான்.

அவனது குறை ஆங்கிலக் குறையே என்பர் பலர். நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையிற் கூறுகின்றேன்: அது பாதி உண்மையே. எங்கள் பிள்ளைகளிற் பெரும்பாலோர் உயர்தரம் வரை தமிழிற் கற்கின்றனர். பல்கலைக்கழகத்திற் கணினி விஞ்ஞானத்தை ஆங்கிலத்திற் கற்கின்றனர். கற்ற பொருள் ஆங்கிலச் சொற்களாகவே மனத்திற் படிவதால், அதனைத் தமிழிற் சொல்ல வருவதில்லை. பேசிப் பழகாமையால் ஆங்கிலத்திலும் நா எழுவதில்லை. இரு மொழி அறிந்தும் இரண்டிலும் ஊமையாவது எத்துணை அவலம்! நூலகப் பொறுப்பாளரிடம் அவன் தோற்றது ஆங்கிலத்திலன்று, தமிழில் என்பதை மறத்தலாகாது.

“கணினியோடு பழகுபவனுக்குப் பேச்சு எதற்கு?” என்று கேட்போரும் உளர். கணினி தானாக எதையும் வேண்டுவதில்லை, வேண்டுபவர் மனிதர். அவர் வேண்டுவதைக் கேட்டறிந்து, உடன் உழைப்போருக்கு உணர்த்தி, செய்து முடித்ததை மீண்டும் அவருக்கே விளக்குவதுதான் இத்தொழில். நிரல்களை மனிதர் படித்துணரும் இலக்கியம் போல எழுதவேண்டும் என்று டொனால்ட் குனூத் என்னும் கணினி அறிஞர் 1984ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தினார். 1999ஆம் ஆண்டில் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலமொன்று அழிந்தது. ஒரு குழுவினரின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பிரித்தானிய அலகிற் கொடுக்க, மற்றக் குழுவினர் அதனை மெற்றிக் அலகென்று கொண்டனர். கணிதம் அறியாதவர்களா அவர்கள்? அறிந்ததை ஒருவருக்கொருவர் தெளிவாகச் சொல்லிக்கொள்ளாமையே வினையாயிற்று. அமெரிக்கக் கணினிச் சங்கங்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடத்திட்ட வழிகாட்டியிலும் தொழில்சார் தொடர்பாடல் இடம்பெற்றுள்ளது.

இவ்வகையில் எமக்கு முன்னோடி எமது மண்ணிலேயே உண்டு. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். பின்னர் தமிழுக்கு மாறினார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். சொல் இல்லாத இடத்துச் சொல் ஆக்கினார். நோயாளியின் மொழியில் நோயை விளக்க இயலாத மருத்துவன் பாதி மருத்துவனே என்பதை அவர் பணி எமக்கு உணர்த்துகின்றது. கணினியாளனுக்கும் இது பொருந்தும். ஆங்கிலத்தை ஒதுக்கச் சொல்கின்றேனல்லேன். உலகோடு உரையாட அது வேண்டும். ஆனால், தொடர்பாடற் பயிற்சியென்று உடையும் உச்சரிப்பும் நேர்முகத் தேர்வுச் சிரிப்பும் மட்டும் பழக்குவது, வீட்டை விட்டுப் படலைக்குப் பூச்சுப் பூசுவது போலாகும்.

என் கருத்து இதுதான். ஒவ்வொரு மாணவனும் தான் ஆக்கியதை ஒரு பக்கத்தில் ஆங்கிலத்திற் சக மாணவனுக்கும், ஒரு பக்கத்தில் தமிழில் ஓர் ஊர்வாசிக்கும் விளக்கி எழுதவேண்டும். கடைக்காரரிடமோ கமக்காரரிடமோ சென்று, அவர் தேவையைக் கேட்டு, “ஓம், அதுதான் நான் சொன்னது” என்று அவர் ஒப்பும்வரை திருப்பிச் சொல்லிப் பழகவேண்டும். கணினி ஆசிரியரும் மொழி ஆசிரியரும் ஒன்றாக அமர்ந்து இவற்றுக்குப் புள்ளியிடவேண்டும். புள்ளியில்லாத பாடத்தை எங்கள் மாணவர் பொருட்படுத்தார் என்பது ஆசிரியர் யாவரும் அறிந்ததே.

அந்த மாணவனிடம் இம்முறையை நான் சோதித்தேன். தமிழில் ஒரு பக்கம் எழுதுவித்தேன். மூன்று முறை திருப்பிக் கொடுத்தேன். நான்காவதை நூலகப் பொறுப்பாளருக்கு வாசித்துக் காட்டினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, நாங்கள் ஆளுக்கு ஆள் புத்தகம் குடுக்கிறேல்லை, வீட்டுக்கு ஒரு அட்டைதானே” என்றார். மாணவன் திகைத்துப்போனான். ஆளுக்கொரு பதிவென்றே அவன் முழு மென்பொருளையும் அமைத்திருந்தான்! முதல் நாளே கேட்டிருந்தால் அறிந்திருப்பான்.

“எனக்கு எல்லாம் விளங்கும்” என்று அவன் அன்று சொன்னது உண்மையன்று. சொல்லப் புகுந்தபோதுதான், தனக்கு விளங்காதது எது என்பது அவனுக்கு விளங்கிற்று. இப்பொழுது திருத்தி எழுதிக்கொண்டிருக்கின்றான்.