காகித உரிமை போதுமா?

கம்ப்யூட்டர் புரோகிராமை எவரும் இயக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம்; தருபவர் அதே உரிமையைப் பெறுபவருக்கும் வழங்க வேண்டும். 1989ல் ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதிய ஜிபிஎல் உரிமத்தின் சாரம் இதுதான். 1991ல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதற்குப்பின் 16 ஆண்டுகள் உரிமம் மாறவில்லை.

கம்பெனிகள் சும்மா இருந்தனவா? இல்லை! டிவோ என்ற டெலிவிஷன் பதிவுக் கருவி லினக்ஸில் ஓடியது. உரிமம் கேட்டபடி மூல நிரலைக் கம்பெனி கொடுத்தது. ஆனால் வாங்கியவர் திருத்திய புரோகிராமை அந்தக் கருவி ஏற்க மறுத்தது. காகிதத்தில் உரிமை, பெட்டியில் பூட்டு! இத்தகைய டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பதைச் சட்டவிரோதமாக்கும் சட்டமும் 1998லேயே அமெரிக்காவில் நிறைவேறிவிட்டது.

இதற்குப் பதிலாகவே, நகல்களைப் பகிரங்க விவாதத்துக்கு வைத்து, 2007 ஜூன் 29ல் மூன்றாம் பதிப்பு வெளியிடப்பட்டது. வீட்டு உபயோகக் கருவியை விற்பவர், திருத்திய புரோகிராமை அதில் ஏற்றும் வழியையும் தந்தாக வேண்டும் என்றது அது.

லினஸ் டோர்வால்ட்ஸ் இதை ஏற்கவில்லை. லினக்ஸ் கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது. கருவியைப் பூட்டுவது அதைச் செய்தவர் இஷ்டம் என்பது அவர் வாதம். அப்படியானால், காசு கொடுத்து வாங்கியவருக்கு இஷ்டம் கிடையாதா?

புரோகிராம் எழுதும் நண்பர்களே! “மூன்றாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது” என்று எழுதி வெளியிடுங்கள். நாளைக்குப் புதுப் பூட்டு வரும். அன்று உங்கள் உரிமம் பழைய காகிதமாகிவிடக் கூடாது.