எதற்காகக் கேட்கிறார்கள்?

1943 மார்ச் 27 இரவு, போலீஸ் உடையில் ஒரு குழு ஆம்ஸ்டர்டாம் நகரின் மக்கள் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்தது. அவர்கள் யாரும் போலீஸ்காரர்கள் இல்லை. ஓவியர் வில்லெம் அரொன்டேயஸ், சிற்பி கெரிட் வான் டெர் வேன், கூடவே சில மருத்துவ மாணவர்கள். காவலர்களுக்கு மயக்க ஊசி போட்டு அப்புறப்படுத்திவிட்டு, அலமாரிகளில் இருந்த அட்டைகளை இழுத்துத் தரையில் கொட்டித் தீ வைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே தாமதமாக வந்தார்கள். வந்தபின் தேவைக்கு அதிகமாகவே தண்ணீரைப் பீய்ச்சி, எரியாத அட்டைகளையும் பாழாக்கினார்கள். அப்படியும் அழிந்தது சுமார் 15 சதவீதம்தான். அந்தக் குழுவில் பலர் விரைவில் பிடிபட்டார்கள். 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஒரு பதிவேட்டை எரிக்க உயிரைக் கொடுப்பானேன்? போருக்கு முன்பே நெதர்லாந்தின் நகராட்சிகள் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, மதம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தன. எழுதிய குமாஸ்தாக்களுக்கு யார்மீதும் பகை கிடையாது. நிர்வாகத்துக்குத் தேவை என்று எழுதினார்கள். 1940-இல் நாஜிகள் நாட்டைப் பிடித்தபோது அந்த ஏடுகளும் அவர்கள் கைக்குப் போயின. பொய் அடையாள அட்டையோடு ஒளிந்திருந்தவர்களையும் மூல அட்டையோடு ஒப்பிட்டால் கண்டுபிடித்துவிடலாம். நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

தகவல் பாதுகாப்புச் சட்டம் என்றதும் கம்ப்யூட்டர், செயலி, கோடிக்கணக்கில் அபராதம் என்றுதான் பேச்சு போகிறது. அதன் வேர் இந்த அட்டைகளில் இருக்கிறது. உலகின் முதல் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை 1970-இல் இயற்றியது மேற்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலம். 1983-இல் அந்த நாட்டு அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நாள் குறித்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. ஹாம்பர்கைச் சேர்ந்த மாயா ஸ்டாட்லர்-ஒய்லர், கிசெலா வில்ட் என்ற இரண்டு பெண் வழக்கறிஞர்கள் கார்ல்ஸ்ரூவே நகரிலுள்ள அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஏப்ரலில் கணக்கெடுப்பு நிறுத்தப்பட்டது. டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. கணக்கெடுப்பதில் தவறில்லை; ஆனால் எண்ணிக்கைக்காக வாங்கிய விவரத்தை உள்ளாட்சிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுத் திருத்தப் பயன்படுத்தக் கூடாது என்றது நீதிமன்றம். தன்னைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று அறியாத மனிதன், ஒரு கூட்டத்துக்குப் போகக்கூடத் தயங்குவான் என்றும் விளக்கியது.

அதே 1983 ஜூலையில் கொழும்பில் என்ன நடந்தது என்பதை நம்மில் பலர் மறக்க முடியாது. கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தின. ஓட்டுப் போடுவதற்காகத் தந்த பெயரும் முகவரியும்தான் அந்தப் பட்டியலில் இருந்தன. கார்ல்ஸ்ரூவே தீர்ப்பின் பொருள் எனக்கு முழுதாக உறைப்பது இந்த இடத்தில்தான். ஒன்றுக்கென்று வாங்கிய தகவலை இன்னொன்றுக்குத் தொடாதே. உலகத்துத் தகவல் சட்டங்களில் இதைவிட முக்கியமான விதி இல்லை என்பது என் கருத்து.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடப்பிலுள்ள சட்டம் இந்த விதியை அடிப்படைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. மதம், இனம், உடல்நிலை பற்றிய விவரங்களுக்குக் கூடுதல் காப்பும் தருகிறது. இலங்கை 2022-இல் இயற்றிய சட்டத்திலும் அந்தத் தனிக்காப்பு உண்டு.

இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. ஆறு ஆண்டுகள் கழித்து, 2023-இல் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் மனதார வரவேற்க வேண்டியது ஒன்று உண்டு: சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் பெறலாம். தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் வழி உண்டு. ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். தகவலைப் பறிகொடுத்தவருக்கு இழப்பீடு இல்லை. சாதி, மதம், நோய் போன்றவற்றுக்குத் தனிக்காப்பும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தான் விரும்பும் அரசு அமைப்புக்கு மத்திய அரசு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கலாம். ஆம்ஸ்டர்டாமின் ஏடுகள் ஒரு தனியார் கடையில் இருக்கவில்லை என்பதை நினைத்தால், இது சிறிய குறையாகத் தோன்றவில்லை.

2027 கணக்கெடுப்பில் சாதியும் பதிவாகப் போகிறது. சமூக நீதிக்கு அந்தக் கணக்கு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டமும் தனிநபர் படிவங்களை யாரும் பார்வையிடவோ வழக்கில் சாட்சியமாக்கவோ கூடாது என்கிறது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பு காகிதத்துக்காகத் தந்த அந்த வாக்கு, இப்போது கைப்பேசிச் செயலியில் பதியும் விவரத்துக்கும் குறையாமல் நிற்க வேண்டும்.

மருந்துக் கடையில் பில் போடும்போது செல்போன் எண் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். குழந்தையின் பள்ளி விண்ணப்பத்தில் தேவையில்லாத கட்டம் இருந்தால் கேளுங்கள். எங்களையும் கேட்கலாம். சந்தாதாரர்களாகிய உங்கள் முகவரி இதழை அனுப்புவதற்கு மட்டுமே எங்களிடம் இருக்கிறது. வேறு எவருக்கும் அதைத் தரமாட்டோம். சந்தா முடிந்தபின் நீக்கிவிட வேண்டும் என்றால், ஓர் அஞ்சலட்டை போடுங்கள், நீக்கிவிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்