ஆப்சென்ட் போடலாம், டி.சி. கொடுக்கலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் இந்த அனுபவம் உங்களுக்கும் ஏற்பட்டிருக்கும். வேர்டில் ஒரு கடிதத்தை டைப் செய்து கொண்டிருப்பீர்கள். திடீரென்று திரை வெளிறிப் போகும். விண்டோவின் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும். பதறிப் போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எண்ட் டாஸ்க் கொடுத்து விடுவோம். சேவ் செய்யாத கடிதம் போயே போய்விடும்.

ஒரு புரோகிராம் 5 விநாடிகள் பதில் தராமல் இருந்தால் விண்டோஸ் அப்படிக் காட்டுகிறது. புரோகிராம் செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. பதில் வரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. கொலை செய்தது நாம்தான்.

இதே அவசரம் பெரிய இணைய தளங்களின் பின்னாலும் இருக்கிறது. நீங்கள் மெயில் பார்க்கும்போது மறுமுனையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர் அல்ல. நூற்றுக் கணக்கில், ஆயிரக் கணக்கில் கம்ப்யூட்டர்கள் சேர்ந்து வேலை பார்க்கின்றன. இந்தக் கூட்டத்தைக் கிளஸ்டர் என்றும், அதில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் நோடு என்றும் அழைப்பார்கள். கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஓர் உறுப்பினர் பட்டியல் உண்டு. ஒவ்வொரு நோடும் சில விநாடிகளுக்கு ஒரு முறை 'நான் இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பும். இதற்கு ஹார்ட்பீட், அதாவது இதயத் துடிப்பு என்று பெயர். துடிப்பு வராவிட்டால் பட்டியலில் பெயரை அடித்துவிட்டு, அதன் வேலையை மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுத்து விடுவார்கள்.

கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? சிக்கல் என்னவென்றால், உண்மையிலேயே நின்று போன கம்ப்யூட்டர், வேலைப் பளுவில் திணறும் கம்ப்யூட்டர், நன்றாக ஓடியும் கேபிள் அறுந்துபோன கம்ப்யூட்டர் மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். செய்தி வந்து சேர எவ்வளவு நேரமும் ஆகலாம் என்ற நெட்வொர்க்கில், ஒரே ஒரு கம்ப்யூட்டர் நின்று போக வாய்ப்பிருந்தாலும், குலுக்கல் முறையை நாடாத எந்த வழிமுறையும் எல்லோரையும் ஒரே முடிவுக்குக் கொண்டு வந்தே தீரும் என்று உறுதி தர முடியாது. பிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற மூவர் இதை 1985ல் கணித ரீதியாக நிரூபித்தார்கள்.

கல்லூரியில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவன்தான் நான். இருந்தும் வேலைக்குச் சேர்ந்த முதல் நிறுவனத்தில் ஹார்ட்பீட்டுக்கு 2 விநாடி கெடு வைத்தேன். பிரச்னையைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்லதுதானே என்று நினைப்பு. ஒரு நாள் இரவு பேக்கப் ஓடியபோது மூன்று சர்வர்களில் ஒன்று மெதுவானது. உடனே அது நீக்கப்பட்டது. அதன் பளுவும் சேர்ந்ததால் இரண்டாவது திணறியது. அதுவும் நீக்கப்பட்டது. மூன்றாவது எப்படித் தாங்கும்? காலையில் போய்ப் பார்த்தால் மூன்று சர்வர்களும் கல் போல நன்றாக இருந்தன. பட்டியலில்தான் ஒன்றும் இல்லை.

பள்ளியில் பெயர் கூப்பிடும்போது மாணவன் பதில் சொல்லாவிட்டால் ஆசிரியர் ஆப்சென்ட் போடுவார். அன்றைக்கே டி.சி. கொடுத்து அனுப்ப மாட்டார். இந்த இரண்டையும் ஒன்றாக்கி விடுவதுதான் தவறு என்பது என் கருத்து. பதில் தராத நோடுக்குப் புது வேலை கொடுக்காமல் உடனே நிறுத்தலாம். பட்டியலிலிருந்து நீக்குவதற்கும், அதன் பொறுப்பை வேறொன்றுக்குக் கொடுப்பதற்கும் பொறுமை வேண்டும். பெரிய அளவில் தகவல்களைச் சேமிக்கும் ஹடூப்பில் துடிப்பு 3 விநாடிக்கு ஒரு முறை. ஆனால் ஒரு கம்ப்யூட்டர் போய்விட்டது என்று முடிவு கட்ட, நாம் எதையும் மாற்றாவிட்டால், 10 நிமிடம் 30 விநாடி காத்திருக்கும். அதிலிருந்த பைல்களை மறுபடி நகலெடுப்பது அவ்வளவு பெரிய வேலை. அமேசான் 2007ல் விளக்கிய டைனமோ இன்னும் ஒரு படி மேலே போனது. மௌனத்தை அது தற்காலிகமாகத்தான் எடுத்துக் கொண்டது. நிரந்தரமாகச் சேர்ப்பதும் நீக்குவதும் நிர்வாகியின் கையில்.

அவசரத்தின் விலை என்ன? புரோகிராமர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் 2018 அக்டோபர் 21 அன்று பராமரிப்பு வேலையின்போது அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் இணைப்பு அறுந்தது. வெறும் 43 விநாடிகள்தான். அதற்குள் மீதியிருந்த நோடுகள் ஓட்டுப் போட்டு, டேட்டாபேஸ் பொறுப்பை மேற்குக் கடற்கரைக்கு மாற்றிவிட்டன. கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட சில விநாடித் தகவல்கள் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கில் புதிதாக எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. ஒரே கணக்குக்கு இரண்டு நோட்டுப் புத்தகங்கள் என்றால் எதை நம்புவது? சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. தானியங்கி மாற்றம் இனி ஒரு பகுதியை விட்டு இன்னொரு பகுதிக்குத் தாண்டாதபடி அமைக்கப் போவதாக நிறுவனம் பிறகு அறிவித்தது.

காத்திருந்தால் அதுவரை வாடிக்கையாளர் பிழைச் செய்தியைத்தானே பார்ப்பார் என்று என் அலுவலக நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு நிமிடம் தளம் திறக்காவிட்டால் எரிச்சல் வரும், ஒப்புக் கொள்கிறேன். ஆனால் சேமித்த தகவல் காணாமல் போனால் எரிச்சலோடு நிற்காது.

உங்கள் பக்கமும் ஒன்று செய்யலாம். பேங்க் தளத்தில் பணம் அனுப்பும்போது வட்டம் சுற்றிக் கொண்டே இருந்தால், பணம் போகவில்லை என்று நீங்களே முடிவு செய்து பட்டனை மறுபடி அழுத்தாதீர்கள். முதலில் மினி ஸ்டேட்மெண்ட்டைத் திறந்து பாருங்கள். அங்கேயும் எதுவும் தெரியாவிட்டால் சற்றுப் பொறுத்து இன்னொரு முறை பார்த்துவிட்டு, பிறகு அனுப்புங்கள்.