தேசத்திற்கு ஜாதகமாம்!

கண்ணமங்கலத்தில் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "மனிதனுக்கு ஜாதகம் எழுதுவதே புரட்டு என்று நாம் சொல்லி வருகிறோம். இப்பொழுதோ கடைவீதியில், தேசத்திற்கே ஜாதகம் உண்டு, இந்தியாவுக்கு ரிஷப லக்கினம், கடகத்தில் ஐந்து கிரகங்கள் கூடிவிட்டதால்தான் இத்தனை கஷ்டமும் என்று பேசுகிறார்களே, இதற்கு என்ன பதில்?" என்றார். கேள்வி நியாயமானதுதான். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

ஒரு குழந்தைக்காவது பிறந்த நேரம் என்று ஒன்று இருக்கிறது. மருத்துவச்சி சாட்சி, பெற்றவள் சாட்சி. தேசம் பிறந்ததற்கு யார் சாட்சி? 1947-க்கு முன் இந்த மண் இல்லையா? மக்கள் இல்லையா? ஜவ்வாது மலை அந்த ஆகஸ்டு மாதத்தில்தான் முளைத்ததா? அன்று நடந்தது ஆட்சி கைமாறியது என்பதே தவிர வேறல்ல. அதற்கான சட்டம் இலண்டன் பார்லிமெண்டில் நிறைவேறி, 1947 ஜூலை 18-ல் மன்னரின் சம்மதம் பெற்றது. அப்படியானால் இலண்டனுக்கும் ஜூலை 18-க்கும் அல்லவா ஜாதகம் கணிக்க வேண்டும்? அதைக் கணிப்பவரைக் காணோம். சிலர் 1947 ஆகஸ்டு 15 நள்ளிரவு என்கிறார்கள். வேறு சிலர், அது சரியில்லை, குடியரசான 1950 ஜனவரி 26 காலை 10 மணி 18 நிமிஷம்தான் உண்மையான ஜனனம், மீன லக்கினம் என்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு பிறந்த நாள், இரண்டு லக்கினம்! எது பலிக்கிறதோ அதை எடுத்துக்கொள்வது, பலிக்காததைப் பெட்டியில் பூட்டி வைப்பது. நடந்தது முடிந்தபின் அதற்கேற்ற ஜாதகத்தைத் தேடி எடுப்பதற்குச் சாஸ்திரம் என்றா பெயர்?

இனி, அந்த ஆகஸ்டு 15 எப்படி வந்தது என்று பார்ப்போம். எந்த முனிவரும் நாள் பார்த்துச் சொல்லவில்லை. 1948 ஜூன் மாதத்திற்குள் ஆட்சியை ஒப்படைப்பதாகப் பிரிட்டிஷ் சர்க்கார் சொல்லியிருந்தார்கள். மவுண்ட்பேட்டன் பிரபு அதை முன்னுக்குத் தள்ளி, 1947 ஜூன் 4-ல் பத்திரிகைக்காரர்கள் கூட்டத்தில் ஆகஸ்டு 15 என்று அறிவித்தார். அது ஜப்பான் சரணடைந்த நாளின் இரண்டாவது ஆண்டு என்பதே அவர் மனத்தில் இருந்த விசேஷம். உடனே ஜோதிடர்கள் கூச்சல் போட்டார்கள். ஆடி மாதம், தேய்பிறை, அமாவாசை நெருங்குகிறது, நாள் ஆகாது என்றார்கள். அதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட பரிகாரத்தைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அரசியல் நிர்ணய சபை 14-ந் தேதி இரவு 11 மணிக்குக் கூடிற்று. நள்ளிரவில் சுதந்தரம் வந்தது. இங்கிலீஷ் கணக்குப்படி நள்ளிரவில் நாள் மாறிவிடுகிறது. ஆகவே சர்க்காருக்கு அது 15-ந் தேதி. பஞ்சாங்கக் கணக்குப்படி சூரியன் உதித்தால்தான் மறுநாள். ஆகவே ஜோதிடருக்கு அது இன்னும் 14-ந் தேதி. கெட்ட நாளையும் தவிர்த்தாயிற்று, வெள்ளைக்காரன் வாக்கையும் காப்பாற்றியாயிற்று!

தோழர்களே! கிரகங்களை இப்படி ஏமாற்ற முடியுமானால் அவற்றிற்கு என்ன சக்தி? ஏமாற்ற முடியாதென்றால் இந்தப் பரிகாரத்தால் என்ன பயன்? இரண்டில் எதைச் சொன்னாலும் ஜோதிடம் தோற்றுப் போகிறது.

அன்றியும், அதே சட்டத்தின்படி அதே ஆகஸ்டு 15-ல் பிறந்தவை இரண்டு தேசங்கள். ஒன்று இந்தியா, மற்றொன்று பாகிஸ்தான். இரட்டைப் பிள்ளைகள். பின்னால் பாகிஸ்தான் 14-ந் தேதியைக் கொண்டாடுவது வேறு விஷயம். அன்று வானத்தில் இருந்த கிரகங்கள் இருவருக்கும் பொது. அப்படியிருந்தும் ஒன்றில் தேர்தல்கள் தொடர்ந்து நடந்தன. மற்றொன்றில் 1958-லும், 1977-லும், 1999-லும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1971-ல் அதிலிருந்து வங்காள தேசம் பிரிந்தது. "தலைநகரம் வேறு, ஆகவே லக்கினம் வேறு" என்று ஜோதிடர் நழுவப் பார்ப்பார். நல்லது. அமிர்தசரசுக்கும் லாகூருக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்தான். இந்த இரண்டு ஊருக்கும் லக்கினத்தில் ஒரு பாகைகூட வித்தியாசம் வராது. ஆனால் அந்த ஐம்பது கிலோமீட்டரைக் கடப்பதற்குள் எத்தனை ஆயிரம் பேர் வெட்டப்பட்டார்கள்! பிரிவினையில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வீடு வாசலை இழந்தார்களே, அவர்களை விரட்டியது கடகத்தில் கூடிய ஐந்து கிரகமா, மனிதன் தலைக்கேறிய மதவெறியா? கிரகத்தின் மேல் பழியைப் போட்டால், கத்தி எடுத்தவனுக்கு விடுதலை, தூண்டிவிட்டவனுக்கும் விடுதலை.

"அங்கே நாள் சரியாகப் பார்க்கவில்லை" என்பார்களோ? சரியாகப் பார்த்த தேசத்தையும் பார்ப்போம். பர்மா நாட்டார் ஜோதிடரைக் கேட்டே 1948 ஜனவரி 4 விடியற்காலை 4 மணி 20 நிமிஷத்துக்குச் சுதந்தரம் பெற்றார்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பிடித்த அந்தச் சுபமுகூர்த்தத்தின் பலன் என்ன? அந்த ஆண்டிலேயே உள்நாட்டுச் சண்டை. 1962-ல் நே வின் என்னும் தளபதி ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் தொழில்களும் பிடுங்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரை ஓரத்துப் பர்மா பஜார் அதற்குச் சாட்சி. 1987-ல் அதே நே வின் ஆட்சி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாதென்று சொல்லி, 45, 90 என்று புது நோட்டு அடித்தது. 9 அவருக்கு ராசியான எண் என்பதே காரணமென்று ஊரெல்லாம் பேசிற்று. ஏழைகளின் சேமிப்பு ஒரே நாளில் காகிதமாயிற்று; மறு ஆண்டு தேசமே கொந்தளித்தது. 2021-ல் மறுபடியும் இராணுவம் வந்தது. முகூர்த்தம் பார்க்காததால் கெட்டோம் என்பவர்கள், முகூர்த்தம் பார்த்தே கெட்டவர்களுக்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

நிற்க, இவர்களுடைய கணக்காவது ஒன்றாக இருக்கிறதா? நம் நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று, திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்று. சனி கும்பத்திற்குப் போனது 2023 ஜனவரி 17-ல் என்றது திருக்கணிதம். இல்லை, 2023 டிசம்பர் 20-ல் என்றது வாக்கியம். திருநள்ளாற்றில் அன்றுதான் கூட்டம் கூடிற்று. இருப்பது ஒரே சனி. அது வீடு மாறியதில் பதினொரு மாத வித்தியாசம்! தாலுகா ஆபீசில் ஒரு பட்டா மாறுவதற்கு இப்படி இரண்டு தேதி எழுதினால் நாம் சும்மா விடுவோமா?

வானத்தை உண்மையாகவே பார்க்க வேண்டுமானால் நமக்கு வெகுதூரம் போக வேண்டிய அவசியமில்லை. இந்த ஜவ்வாது மலையிலேயே, காவலூரில், வைணு பாப்பு பெயரால் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1972-ல் வியாழனைச் சுற்றும் கானிமீடு என்ற துணைக்கோளுக்கு மெல்லிய வாயு மண்டலம் உண்டென்பதற்கு அங்கே அடையாளம் கண்டார்கள். 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உறுதி செய்தார்கள். அந்த யுரேனஸ் நம் புரோகிதரின் நவக்கிரகத்தில் இல்லவே இல்லை. அவர் பட்டியலில் இருக்கும் சூரியனோ நட்சத்திரம். சந்திரனோ பூமியைச் சுற்றும் துணைக்கோள். ராகுவும் கேதுவும் சந்திரன் பாதையும் சூரியன் பாதையும் வெட்டிக்கொள்ளும் வெறும் இரண்டு புள்ளிகள். இல்லாத பாம்புக்குப் பால் வார்க்கச் சொல்லி நம் காசை வாங்குகிறார்கள்.

"அனுபவத்தில் பலிக்கிறதே" என்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் மகாராஷ்டிரத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார். கெட்டிக்காரப் பிள்ளைகள் 100 பேர், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களைச் சேகரித்து, ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 கொடுத்து, எது யாருடையதென்று கேட்டார். பதில் அனுப்பிய 27 பேரும் சரியாகச் சொன்னது சராசரி நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே நூற்றுக்கு 50 கிடைத்திருக்கும்! ஒரு பிள்ளையின் அறிவை அறிய முடியாத ஜாதகம், நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் கதியை அறியுமாம்.

இது வெறும் விளையாட்டுப் பேச்சென்று விட்டுவிடுவதற்கில்லை. 2001-ல் பல்கலைக்கழக மானியக் குழு, மக்கள் வரிப்பணத்தில் ஜோதிடத்தைப் பாடமாக்க வந்தது. விஞ்ஞானிகள் வழக்காடினார்கள், 2004-ல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டே இந்த வேலை நடக்கிறது.

முடிவாக ஒன்று சொல்லுகின்றோம். பிறந்த வயிற்றைக் கொண்டு மேல், கீழ் என்பது ஜாதி. பிறந்த நேரத்தைக் கொண்டு வாழ்வு, தாழ்வு என்பது ஜாதகம். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. உன் கையில் ஒன்றுமில்லை என்று நம்மை நம்ப வைப்பதே இரண்டின் வேலையும். தேச ஜாதகம் என்பது இந்தப் புரட்டை முழு ஜனங்கள் தலையிலும் ஒரேயடியாகக் கட்டுவதாகும். நம் பிள்ளைகளின் படிப்புக்கு வழி செய்த வகுப்புவாரி உத்தரவை நீதிமன்றங்கள் செல்லாதென்றபோது, குருப்பெயர்ச்சி வரட்டும் என்று பெரியார் காத்திருந்தாரா? நாடு கிளர்ந்தெழுந்தது, 1951-ல் அரசியல் சட்டமே முதல் முறையாகத் திருத்தப்பட்டது. நல்ல நேரம் பாராமல், புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967-ல் அண்ணா ஆட்சி சட்ட அந்தஸ்து கொடுத்தது. ராகு காலத்தில் மணம் செய்துகொண்டவர்கள் பேரன் பேத்தி கண்டு வாழ்ந்தார்கள்.

ஆகவே கண்ணமங்கலத்துத் தோழருக்கு நமது பதில் இதுதான். அடுத்த முறை எவராவது இந்தியாவின் லக்கினத்தைப் பற்றிப் பேசினால், "ஐயா, ஜாதகம் இருக்கட்டும், நம் ஊர்ச் சாக்கடை ஏன் தூராமல் கிடக்கிறது, மலைமேல் இருக்கும் பிள்ளைக்கு ஏன் பள்ளிக்கூடம் தூரமாக இருக்கிறது, அதற்கு எந்தக் கிரகம் பொறுப்பு, எந்த அதிகாரி பொறுப்பு?" என்று கேளுங்கள். கிரகத்திற்கு மனுப்போட முடியாது. அதிகாரிக்குப் போடலாம், போடுங்கள்.