இழை தெரிகிறது, வழி தெரியவில்லை!

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறிச் சத்தம் கேட்காத நாள் அபூர்வம். மெல்லிய பட்டு இழை அறுந்தால் கண்டுபிடித்து முடிய வேண்டும். ஜரிகையைப் பிசகாமல் ஓட்ட வேண்டும். இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்கிறவருக்குக் கண்ணில் கோளாறு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவரே நம்பமாட்டார். அபாயம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

'கிளாக்கோமா' என்னும் கண் நீர் அழுத்த நோய், நடுப் பார்வையைப் பெரும்பாலும் கடைசியில்தான் தொடும். முதலில் ஓரப் பார்வையை அரிக்கும். பாவில் உள்ள இழை தெளிவாகத் தெரியும். பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது. வாசற்படியில் இடறினால், "வயதாகிவிட்டது" என்று சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலோருக்கு வலியும் இல்லை, சிவப்பும் இல்லை.

கண்ணுக்குள் ஒருவகை நீர் ஓயாமல் ஊறி, ஓயாமல் வடிகிறது. வடிகாலில் தடை ஏற்பட்டால் அழுத்தம் கூடும். காட்சியை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். கண்புரை என்றால் அறுவை செய்து பார்வையை மீட்கலாம். இதில் போன பார்வை போனதுதான்.

கிராமங்களில் கண்டது

சென்னை சங்கர நேத்ராலயா ஆராய்ச்சியாளர்கள், திருவள்ளூர், காஞ்சீபுரம் மாவட்டங்களைச் சேர்ந்த 27 கிராமங்களில், 40 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 3,900 பேரைச் சோதித்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். 64 பேருக்குக் கிளாக்கோமாவின் ஒரு வகை இருந்தது. அவர்களில் அநேகமாக எல்லோருக்குமே, தமக்கு நோய் இருப்பது அதுவரை தெரியாது! வயது ஏற ஏற, அழுத்தம் கூடக் கூட நோய் மிகுந்திருந்ததும் தெரியவந்தது.

யாருக்குக் கண் போகும்?

நோய் வந்தவர்கள் எல்லோரும் பார்வை இழப்பதில்லை. பின் யாருக்கு அபாயம்?

தாமதமாக வருகிறவர்களுக்குத்தான் முதல் அபாயம். நரம்பு பெரும்பகுதி கெட்ட பிறகு வந்தால், மிச்சத்தைத்தான் காக்க முடியும். ஏற்கெனவே ஒரு கண்ணை இழந்தவர்கள், அழுத்தம் இறங்காமலே இருப்பவர்கள், முதியவர்கள் ஆகியோரும் மிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால் சோதனை அவசியம். கண் அரிப்புக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாங்கி நெடுநாள் விடுவதும் விபரீதத்தில் முடியலாம்.

அடுத்த அபாயம், மருந்தைப் பாதியில் நிறுத்துவது. சொட்டு மருந்தால் பார்வை தெளிவதில்லை. எரிச்சலும் செலவும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. "பயனில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த மருந்து பார்வையைக் கூட்டுவதற்கு அல்ல. இருப்பது போகாமல் இருப்பதற்கு! ஸ்வீடன் நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் நோய் முற்றும் அபாயம் சுமார் 10 சதவிகிதம் குறைவதாகக் கண்டார்கள்.

வெள்ளெழுத்து தரும் வாய்ப்பு

நாற்பது வயதையொட்டி வெள்ளெழுத்து வருகிறது. கடையில் ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டால் இழை தெரிந்துவிடும். காரியம் முடிந்தது என்று தறிக்குத் திரும்புகிறார்கள். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், தறியில் உட்காராத நாளில் என்ன சம்பாதிப்பார்? ஆஸ்பத்திரிக்குப் போக மனம் வருவதில்லை.

ஆனால் கண்ணாடிக்கு முன்னால் கண் டாக்டரிடம் போனால், நோயை ஆரம்பத்திலேயே பிடிக்கலாம். அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது. அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. ஆகையால் நரம்பையும் பார்க்கச் சொல்ல வேண்டும். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, காஞ்சியிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது.

பார்வை இழந்த சுந்தரர், காஞ்சி ஏகம்பத்தில் இடக் கண்ணையும் திருவாரூரில் வலக் கண்ணையும் திரும்பப் பெற்றார் என்பது புராணம். கிளாக்கோமாவில் போன கண்ணைத் திருப்பித் தரும் மருந்து இன்றுவரை இல்லை. போகாமல் காக்கும் மருந்து இருக்கிறது. அதற்காக ஒரு நாள் கூலி போனால் போகட்டும். கண் போனால் தறியே போய்விடும்!