உடலை அறிவோம்: தலையணையும் தசையும்



அண்மையில் கிளிநொச்சியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நீரிழிவுப் புண்ணால் அந்த வீட்டு அம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே அகற்றியிருந்தார்கள். நோகக்கூடாது என்று மகள் முழங்காலின் கீழ் எந்நேரமும் தலையணை வைத்திருந்தாள். இரண்டு மாதத்தில் புண் ஆறிவிட்டது. ஆனால் முழங்கால் மடிந்தபடியே இறுகிவிட்டது. முழங்கால் நிமிராவிட்டால் செயற்கைக் கால் போட்டு நடப்பது கடினம். மகளின் அன்பில் குறையில்லை. தசை எப்படி வேலை செய்கின்றது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

எமது உடலில் மூன்று வகைத் தசைகள் உண்டு. இதயத் தசை இதயத்தில் மட்டும் இருப்பது. இரைப்பை, குடல், கருப்பை போன்றவற்றில் இருப்பது மழமழப்பான தசை. இவ்விரண்டும் நாம் நினைக்காமலே இயங்குபவை. மூன்றாவது எலும்புகளோடு இணைந்த வன்கூட்டுத் தசை. 600 க்கும் மேற்பட்ட இத்தசைகளே நாம் நடக்கவும் தண்ணீர் அள்ளவும் பிள்ளையைத் தூக்கவும் உதவுகின்றன. மெல்லிய நார்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து ஒரு தசையாகின்றன. அதன் முனைகள் உறுதியான நாண்களால் எலும்பில் பற்றியிருக்கின்றன.

தசைக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகையால் அவை சோடியாகவே வேலை செய்கின்றன. தொடையின் முன்பக்கத் தசை முழங்காலை நிமிர்த்தும். பின்பக்கத் தசை அதை மடிக்கும். நாளெல்லாம் கால் மடிந்திருந்தால் பின்தசை அந்த அளவுக்கே குறுகிவிடும். வேலையில்லாத முன்தசை மெலிந்துவிடும். அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

போரும் கண்ணிவெடியும் பலரின் கால்களைப் பறித்த மண் இது. இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவான செயற்கைக் கால் எம்மவர் பலரையும் நடக்க வைத்தது. ஆனால் செயற்கைக் காலைத் தூக்கி வைப்பதும் எமது தசைதான்.

எனவே காலிழந்தவர் வீட்டிலிருந்தால் இவற்றைக் கவனியுங்கள். முழங்காலின் கீழ் தலையணை வைக்க வேண்டாம். கதிரையில் இருக்கும்போது காலைத் தொங்கவிடாமல் ஒரு பலகையில் நேராக நீட்டி வைக்க வேண்டும். வைத்தியரின் அனுமதியோடு, பாயில் காலை நீட்டி, முழங்காலின் பின்புறத்தைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து விடலாம். இப்படிப் பத்துத் தடவை, நாளுக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். இடையிடையே குப்புறப் படுப்பதும் நல்லது. ஏற்கனவே இறுகியிருந்தால் பலவந்தமாக நிமிர்த்தாமல் இயன்மருத்துவரிடம் காட்டுங்கள்.

தசை வளரப் புரதம் வேண்டும். பயறு, முட்டை, நெத்தலி போதும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சுவதை உண்ணும் சகோதரிகளே, உங்கள் தசைகளுக்கும் அதில் பங்குண்டு.

அந்த அம்மா இப்போது பயிற்சி செய்கிறார். தலையணை தலைக்கு வந்துவிட்டது. முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கின்றது.