இயங்கும் லொறி கற்றுத்தரும் பாடம்

விளையாட்டுப் பொருள் என்றதும் கடையில் வாங்கிக் கொடுப்பதும், அது சில நாட்களில் உடைந்து மூலைக்குப் போவதும்தான் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், பிள்ளை தன் கையால் பூட்டி, உண்மையாகவே இயங்கச் செய்யும் மாதிரி லொறி அத்தகையதன்று. அதைத் தொழிற்கல்வியின் முதற்படியாகவே நாம் கொள்ள வேண்டும்.

டென்மார்க் நாட்டின் லெகோ நிறுவனம் 1932இல் ஒரு தச்சரின் பட்டறையில் தோன்றியது. 1977இல் அது பற்சில்லுகளும் அச்சுகளும் கொண்ட தொகுதிகளை வெளியிட்டது. 1984இல் காற்றமுக்கத்தால் இயங்கும் பகுதிகளும் சேர்ந்தன. 2015இல் வெளிவந்த மேர்சிடிஸ் பென்ஸ் அரொக்ஸ் மாதிரி லொறியில் 2,793 துண்டுகள் உள்ளன. மோட்டர் மட்டும் ஒன்றே. பற்சில்லுகளின் வழியாக அது பின்பெட்டியைச் சரிக்கிறது. வண்டி சாயாதிருக்கப் பக்கக் கால்களை வெளியே தள்ளுகிறது. ஒரு சிறு பம்பியையும் ஓட்டுகிறது. பம்பியிலிருந்து வரும் காற்று மெல்லிய குழாய்களூடாக உருளைக்குள் சென்று, ஆடுதண்டைத் தள்ளிப் பாரந்தூக்கியின் கையை உயர்த்துகிறது.

சிறிய பற்சில்லு பெரியதைச் சுழற்றினால் வலு கூடும், வேகம் குறையும். உருளை அகலமானால் தூக்கும் வலு கூடும், ஆனால் அதை நிரப்பக் கூடிய காற்று வேண்டும். ஒன்றைக் கொடுத்தே மற்றதைப் பெறலாம் என்பதைப் பிள்ளை இங்கே கண்ணாற் காண்கிறது.

தெருவில் ஓடும் பெரிய லொறிகளிலும் இதே காற்று வேலை செய்கிறது. புகைவண்டிக்கான காற்றுப் பிறேக்குக்கு ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் 1869இல் காப்புரிமை பெற்றார். இன்றைய பார லொறிகளில் தரிப்புப் பிறேக்கைப் பிடிப்பது வலிய சுருள்வில்; அதை விடுவித்து வைத்திருப்பதே காற்று. காற்று போனால் பிறேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். தாங்கியில் போதிய காற்று ஏறும்வரை சாரதி காத்திருப்பதன் காரணமும் இதுவே.

எனினும், இத்தகைய மாதிரியின் பெரும்பயன் அது இயங்க மறுக்கும் வேளையிலேயே கிடைக்கிறது. கை உயரவில்லை. மோட்டர் சுழல்கிறதா? பம்பி அடிக்கிறதா? குழாய் கழன்றதா, மடிந்ததா? சைக்கிள் திருத்துபவர் ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழியைத் தேடுவதுபோல, ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். அமுக்கத்தின் வரைவிலக்கணத்தைப் பிழையின்றி எழுதும் மாணவர், காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாது நிற்பதுண்டு. பரீட்சைத்தாள் அதைக் கேட்பதில்லை. தொழில் அதைத்தான் கேட்கும்.

ஆகவே, படத்தைப் பார்த்துப் பூட்டி அலுமாரியில் வைப்பதோடு வேலை முடிந்துவிடக் கூடாது. கழற்றட்டும், ஒரு பற்சில்லை மாற்றிப் பார்க்கட்டும்.

“இவை விலைகூடிய பொருட்கள் அல்லவா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால், பாடத்துக்கு அந்தப் பெட்டி கட்டாயமில்லை. ஊசியில்லாத புதிய சிறிஞ்சு இரண்டு, அவற்றை இணைக்க ஒரு துண்டுக் குழாய், மரச்சட்டத்தாலோ மட்டையாலோ ஒரு கை ஆகியன போதும். முதலில் காற்றுடன் தள்ளிப் பாருங்கள்: காற்று நெருங்கும், கை தயங்கித் துள்ளி எழும். பின்னர் தண்ணீர் நிரப்புங்கள்: கை உடனே, உறுதியாக உயரும். ஒரு சிறிஞ்சைப் பெரிதாக மாற்றினால், சிறியதைத் தள்ளும் சிறு விசையே பெரியதில் கூடிய பாரத்தைத் தூக்கும். ஆனால் உயரும் தூரம் குறையும். பழைய விளையாட்டுக் காரின் மோட்டர் கிடைத்தால் சுழலும் பகுதியையும் சேர்க்கலாம்.

பெரியவர்களாகிய நாம் பழகவேண்டிய ஒன்றும் உண்டு. பிள்ளை திணறும்போது நமது கை முந்திக்கொண்டு போகிறது. அதைச் சற்றுப் பொறுக்க வைப்போம். விடையைச் சொல்லாமல், “எதுவரை பார்த்தாய்?” என்று மட்டும் கேட்போம். மிகுதியை அது தானே தேடிக் கண்டுபிடிக்கும்.